மெய்நிகர் இயந்திரமும் மறக்கப்பட்ட கதவும்

கைப்பேசியில் எடுத்த படத்தை இணையத்தில் சேமிக்கிறோம். பள்ளியின் இணையத்தளத்தில் பாடங்களைப் படிக்கிறோம். பெற்றோர் வங்கிக் கணக்கின் இருப்பை வீட்டிலிருந்தே சரிபார்க்கின்றனர். இந்தத் தரவுகள் எல்லாம் எங்கே இருக்கின்றன? பெரும்பாலும் அவை தரவு மையம் எனப்படும் பெரிய கட்டடங்களில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும் கணினிகளில் உள்ளன. சைபர்ஜெயா, ஜொகூர், சிங்கப்பூர் ஆகிய இடங்களிலும் இத்தகைய மையங்கள் பல இயங்குகின்றன.

ஒரே கணினியில் ஒருவருடைய வணிகமும் இன்னொருவருடைய மருத்துவக் குறிப்பும் மூன்றாமவருடைய விளையாட்டுச் செயலியும் ஒரே நேரத்தில் இயங்கக்கூடும். ஒருவருடைய தரவு மற்றவர் கைக்குப் போய்ச் சேராமல் தடுப்பது எது? கல்லாலும் மண்ணாலும் எழுப்பிய சுவர் அன்று. மென்பொருளால் எழுப்பிய சுவர். அந்தச் சுவரில் 11 ஆண்டுகளாக எவருடைய கண்ணுக்கும் படாமல் இருந்த ஓட்டை ஒன்று 2015ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. அது எப்படி உண்டானது, எப்படிக் கண்டறியப்பட்டது, எப்படி அடைக்கப்பட்டது என்பதை இப்பகுதி விளக்குகிறது.

ஒரு கணினிக்குள் பல கணினிகள்

அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றை எண்ணிப் பார்ப்போம். நிலம் ஒன்று, அடித்தளமும் ஒன்று. ஆனால், ஒவ்வொரு குடும்பத்திற்கும் தனி வீடு, தனிப் பூட்டு, தனிச் சாவி. பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார், என்ன செய்கிறார் என்று அறியாமலேயே ஒருவர் தம் வீட்டில் நிம்மதியாக வாழலாம்.

மெய்நிகர் இயந்திரமும் இத்தகையதே. ஆற்றல்மிக்க ஒரு கணினியை மென்பொருளின் துணையால் பல கணினிகளாகப் பகுக்கிறார்கள். அப்படிப் பகுக்கப்பட்ட ஒவ்வொன்றும் மெய்நிகர் இயந்திரம் ஆகும். அதற்குள் இயங்கும் இயங்குதளம், தான் ஒரு முழுக் கணினியில் இருப்பதாகவே கருதிச் செயல்படும். அடியில் இருக்கும் உண்மையான கணினியைப் புரவலர் என்றும், அதன்மேல் இயங்கும் மெய்நிகர் இயந்திரங்களை விருந்தினர் என்றும் அழைப்பது துறை வழக்கு.

இந்த எண்ணம் புதியது அன்று. ஐபிஎம் நிறுவனம் 1972ஆம் ஆண்டிலேயே தன் பெருங்கணினிகளுக்கு மெய்நிகர் இயந்திர வசதியை வணிக முறையில் அறிமுகப்படுத்தியது. பின்னர், மேகக் கணிமை வளர்ந்தபோது இந்நுட்பம் உலகெங்கும் பரவியது. இன்று ஒருவர் சில நிமிடங்களில் ஒரு மெய்நிகர் இயந்திரத்தை வாடகைக்கு எடுத்துவிடலாம். வாடகைக்கு எடுத்தவர் தம் இயந்திரத்திற்குள் முழு நிர்வாகி உரிமையைப் பெறுகிறார். தம் வீட்டிற்குள் எதை வேண்டுமானாலும் மாற்றி அமைக்கலாம். ஆனால், சுவரைத் தாண்டி அடுத்த வீட்டிற்குள் நுழையக் கூடாது. மேகக் கணிமை முழுவதும் இந்த ஒரு நம்பிக்கையின் மீதுதான் நிற்கிறது.

மென்பொருளால் ஆன பழைய சாதனங்கள்

ஒரு கணினிக்கு விசைப்பலகை, திரை, வட்டு, பிணைய அட்டை முதலிய பல சாதனங்கள் தேவை. மெய்நிகர் இயந்திரத்திற்கு இவற்றை யார் தருவார்? இங்கும் மென்பொருளே கைகொடுக்கிறது. உண்மையான சாதனம் எப்படிப் பதில் சொல்லுமோ அதைப் போலவே பதில் சொல்லும் நிரல்கள் எழுதப்படுகின்றன. விருந்தினர் இயந்திரம் ‘வட்டிலிருந்து படி’ என்று கட்டளையிட்டால், வட்டைப் போல் நடிக்கும் நிரல் அதைப் பெற்றுக்கொண்டு உரிய தரவைத் திருப்பித் தரும்.

இப்படிச் சாதனங்களைப் போலச் செய்து காட்டும் மென்பொருள்களுள் புகழ்பெற்றது கியூஎமு. பிரான்சு நாட்டைச் சேர்ந்த ஃபேப்ரிஸ் பெல்லார்ட் என்னும் நிரலர் இதனை உருவாக்கி 2003ஆம் ஆண்டில் வெளியிட்டார். திறந்த மூல மென்பொருளாக இருந்ததால் எவரும் இதன் நிரலைப் படிக்கலாம். தம் தேவைக்கேற்பப் பயன்படுத்தலாம். ஸென், கேவிஎம், விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற மெய்நிகராக்க மென்பொருள்கள் கியூஎமுவின் நிரல் பகுதிகளைப் பயன்படுத்திக்கொண்டன.

கியூஎமு போலச் செய்து காட்டிய சாதனங்களுள் நெகிழ்வட்டுக் கட்டுப்பாட்டுக் கருவியும் ஒன்று. இன்றைய மாணவர்களுள் பலர் நெகிழ்வட்டைக் கண்டிருக்க மாட்டார்கள். சட்டைப்பையில் அடங்கும் சதுரமான நெகிழி உறைக்குள் காந்தப் பூச்சுடைய மெல்லிய வட்டு இருக்கும். அதில் 1.44 மெகாபைட் அளவு தரவையே சேமிக்கலாம். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரே ஒரு படத்திற்குக்கூட அந்த இடம் போதாமல் போகலாம்.

2004ஆம் ஆண்டில் கியூஎமுவின் நிரலில் இந்தக் கருவி சேர்க்கப்பட்டது. அப்போது அதற்குத் தேவை இருந்தது. காலப்போக்கில் நெகிழ்வட்டு வழக்கொழிந்தது, கடைகளிலிருந்தும் மறைந்தது. ஆனால், நிரல் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. யாரும் பயன்படுத்தாத அந்தப் பின்வாசலைத் திறந்து பார்த்துச் சோதிக்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை.

512 பைட் எல்லை

நிரல் இயங்கும்போது தரவைத் தற்காலிகமாக வைக்க நினைவகத்தில் சிறிது இடத்தை ஒதுக்கிக்கொள்ளும். அந்த இடத்தை இடையகம் என்பர். நெகிழ்வட்டுக் கருவியின் இடையகம் 512 பைட் அளவுடையது. ஒரு பைட்டுக்கு ஒரு கட்டம் என வைத்துக்கொண்டால், வரிசையாக 512 கட்டங்கள் இருக்கும். கணினி வழக்கப்படி அவற்றுக்கு 0 முதல் 511 வரை எண்கள் இடப்பட்டிருக்கும்.

விருந்தினர் இயந்திரம் கட்டளைகளையும் அவற்றிற்குரிய விவரங்களையும் ஒவ்வொரு பைட்டாக அனுப்பும். அடுத்த பைட் எந்தக் கட்டத்தில் விழ வேண்டும் என்பதை ஒரு சுட்டெண் காட்டும். ஒரு பைட் வந்தால் சுட்டெண் ஒன்று கூடும். கட்டளை நிறைவேறியதும் சுட்டெண் மீண்டும் 0க்குத் திரும்ப வேண்டும். வேலை முடிந்ததும் கரும்பலகையைத் துடைத்துவிட்டு அடுத்த கணக்கை முதல் வரியிலிருந்து எழுதுவது போன்றது இது.

பெரும்பாலான கட்டளைகளில் இந்த ஒழுங்கு முறையாகப் பின்பற்றப்பட்டது. இரண்டு கட்டளைகளில் மட்டும் சுட்டெண் உடனே 0க்குத் திரும்பவில்லை. அந்த இடைவெளியைப் பயன்படுத்தி ஒருவர் தொடர்ந்து பைட்டுகளை அனுப்பிக்கொண்டே இருந்தால் சுட்டெண் 511ஐத் தாண்டி 512, 513, 514 என்று ஏறிக்கொண்டே போகும். இடையகத்தில் 512ஆம் எண்ணுடைய கட்டமே இல்லை. அந்த இடம் வேறொரு தரவுக்கு உரியது. ஆயினும், நிரல் அங்கேயும் எழுதிவிடும்.

ஏன் நிரல் தடுக்கவில்லை? கியூஎமு சி மொழியில் எழுதப்பட்டது. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய அம்மொழி மிக விரைவானது; கணினியின் நினைவகத்தை நேரடியாகக் கையாளும் ஆற்றல் உடையது. ஆனால், எழுதும் இடம் எல்லைக்குள் இருக்கிறதா என்று அது தானாகச் சரிபார்ப்பதில்லை. அந்தப் பொறுப்பை நிரலரிடமே விட்டுவிடுகிறது. நிரலர் ஓரிடத்தில் சரிபார்க்க மறந்தால் அங்கே ஓர் ஓட்டை பிறக்கிறது. இவ்வகைக் குறையை நினைவகப் பாதுகாப்புக் குறை என்று வகைப்படுத்துவர்.

எல்லை தாண்டி எழுதப்படும் தரவு வெறும் குப்பையாக இருந்தால் நிரல் நிலைகுலைந்து நின்றுபோகலாம். தேர்ந்த தாக்குநர் ஒருவர் அதைத் திட்டமிட்டு எழுதினால், நிரல் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதையே மாற்றிவிட முடியும். அவ்வாறு நேர்ந்தால், விருந்தினர் இயந்திரத்திற்குள் அடங்கி இருக்க வேண்டியவர் புரவலர் கணினிக்குள் நுழைந்துவிடுவார். அங்கிருந்து மற்ற விருந்தினர்களின் தரவையும் அடையக்கூடும். மெய்நிகர் உலகில் இதைவிடக் கடுமையான அத்துமீறல் வேறில்லை.

வெனம் வெளிப்பட்டது

இக்குறையைக் கண்டறிந்தவர் அமெரிக்காவின் கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தில் பாதுகாப்பு ஆய்வாளராகப் பணியாற்றிய ஜேசன் கெஃப்னர். மெய்நிகராக்க மென்பொருள்களின் பாதுகாப்பை ஆராய்ந்துகொண்டிருந்தபோது இந்தப் பழைய கருவியின் நிரல் அவருடைய கவனத்திற்கு வந்தது. குறைக்கு ‘வெனம்’ எனப் பெயரிடப்பட்டது. அச்சொல் நஞ்சைக் குறிக்கும். பொதுப் பட்டியலில் அதற்கு சிவிஇ-2015-3456 என்னும் எண் வழங்கப்பட்டது. உலகெங்கும் உள்ள பொறியாளர்கள் ஒரே குறையைப் பற்றித்தான் பேசுகிறோம் என்று உறுதிசெய்துகொள்ள இத்தகைய எண்கள் உதவுகின்றன.

இன்னொரு செய்தி பலரை வியப்பில் ஆழ்த்தியது. நெகிழ்வட்டு தேவையில்லை என்று நிர்வாகி அதனை முடக்கி வைத்திருந்தாலும், ஸென், கியூஎமு ஆகியவற்றில் கட்டுப்பாட்டுக் கருவியின் நிரல் தொடர்ந்து உயிரோடு இருந்தது. பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டால் கதவு மூடிவிட்டதாகப் பொருள் ஆகாது என்பதை இது உணர்த்தியது.

எனினும், குறையின் கடுமையை நிதானமாக எடைபோட வேண்டும். ஓராண்டுக்கு முன், அதாவது 2014 ஏப்ரலில், ‘ஹார்ட்பிளீட்’ என்னும் குறை வெளிப்பட்டிருந்தது. அதனை இணையத்தின் எந்த மூலையிலிருந்தும் எவரும் பயன்படுத்தலாம், கடவுச்சொல்கூடத் தேவையில்லை. வெனம் அப்படிப்பட்டதன்று. அதனைப் பயன்படுத்த, தாக்குநர் முதலில் ஒரு விருந்தினர் இயந்திரத்திற்குள் இருக்க வேண்டும். அங்குச் சாதனங்களோடு நேரடியாகப் பேசும் உயர் உரிமையும் பெற்றிருக்க வேண்டும். வெனம் அறிவிக்கப்பட்ட நாள்வரை அதைக் கொண்டு எவரும் தாக்கியதாகத் தெரியவரவில்லை. விஎம்வேர், மைக்ரோசாஃப்ட் ஹைப்பர்-வி ஆகிய மென்பொருள்கள் இந்த நிரலைப் பயன்படுத்தாததால் அவை பாதிக்கப்படவும் இல்லை.

அப்படியென்றால் கவலைப்படத் தேவையில்லையா? அப்படியும் சொல்ல முடியாது. மேகக் கணிமையில் வாடகை செலுத்தும் எவருக்கும் நிர்வாகி உரிமை கிடைக்கிறது. தாக்குநர் அடுத்தவர் வீட்டுப் பூட்டை உடைக்கத் தேவையில்லை; அதே கட்டடத்தில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தாலே போதும். ஆகவே, அச்சமூட்டும் பெயரைக் கேட்டுப் பதறுவதும் தவறு; ‘இதுவரை ஒன்றும் நடக்கவில்லையே’ என்று அலட்சியமாக இருப்பதும் தவறு.

சொல்லலாமா, மறைக்கலாமா?

ஓட்டையைக் கண்டவர் அதை உடனே ஊரறியச் சொல்லிவிடலாமா? சொன்னால், நல்லவர்கள் விழித்துக்கொள்வார்கள், தீயவர்களும் விழித்துக்கொள்வார்கள். ஓட்டையை அடைக்கத் திருத்தம் இல்லாத நிலையில் தீயவர்களுக்கே அது முதலில் பயன்படும். அப்படியானால் எவரிடமும் சொல்லாமல் இருக்கலாமா? அதுவும் ஆபத்தானதே. ஒருவர் கண்ட ஓட்டையை இன்னொருவரும் காணக்கூடும். அவர் நல்லெண்ணம் உடையவராக இருப்பார் என்பதற்கு உறுதி இல்லை.

இந்தச் சிக்கலுக்குக் கணினித் துறை ஒரு நடுவழியைக் கண்டிருக்கிறது. முதலில் மென்பொருளை உருவாக்குவோரிடம் மட்டும் மறைவாகத் தெரிவிப்பது. திருத்தம் அணியமானதும் அனைவருக்கும் அறிவிப்பது. இதனை ஒருங்கிணைந்த வெளிப்படுத்தல் என்பர். வெனம் விவகாரத்தில் 2015 ஏப்ரல் 30ஆம் நாள், கியூஎமு, ஸென், ஆரக்கிள் ஆகியவற்றின் பாதுகாப்புக் குழுக்களுக்கும் இயங்குதள வெளியீட்டாளர்களுக்கும் தகவல் தரப்பட்டது. மே 13ஆம் நாள் திருத்தங்களோடு சேர்ந்து பொது அறிவிப்பு வெளிவந்தது. இடைப்பட்ட 13 நாள்களில் போட்டி நிறுவனங்களின் பொறியாளர்கள்கூட ஒரே நோக்கத்தோடு அமைதியாகப் பணியாற்றினர்.

மறைவுக் காலம் முடிவின்றி நீளக் கூடாது என்பதும் முக்கியம். நிறுவனம் ஒன்று ‘இதோ செய்கிறோம்’ என்று காலத்தைக் கடத்தினால் பயனர்களே பாதிக்கப்படுவார்கள். இதனால்தான் 2014இல் தொடங்கப்பட்ட கூகுளின் ‘புராஜெக்ட் ஸீரோ’ ஆய்வுக்குழு, 90 நாள் கெடு என்னும் நெறியைப் பின்பற்றத் தொடங்கியது. கெடு என்பது தண்டனை அன்று. பொறுப்பை நினைவூட்டும் மணியோசை.

மறைவுக் காலத்திற்கும் ஒரு விலை உண்டு. 2014 செப்டம்பர் இறுதியில் அமேசான் நிறுவனம் தன் மேகக் கணினிகளுள் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவானவற்றை நிறுத்தித் தொடங்கப்போவதாக வாடிக்கையாளர்களுக்கு அறிவித்தது. ஸென் மென்பொருளில் இருந்த வேறொரு குறையே அதற்குக் காரணம். அது எல்லை தாண்டி எழுதும் குறை அன்று. எல்லை தாண்டிப் படிக்கும் குறை. ஒரு விருந்தினர் தனக்கு உரியதல்லாத நினைவகப் பகுதியைப் படித்துவிட வாய்ப்பு இருந்தது. குறையின் விவரம் அக்டோபர் 1ஆம் நாள்தான் வெளியிடப்பட்டது. அதுவரை வாடிக்கையாளர்கள் முழுக் காரணம் அறியாமலேயே தங்கள் சேவை தடைபடுவதை ஏற்க வேண்டியிருந்தது. நம்பிக்கை இல்லாத இடத்தில் இத்தகைய ஏற்பாடு நடைபெறாது.

சிறிய திருத்தம், பெரிய வேலை

வெனம் ஓட்டையை அடைத்த திருத்தம் மிகச் சிறியது. அதன் அடிப்படை, தொடக்கப்பள்ளியிலேயே கற்கும் வகுத்தல் கணக்கு. சுட்டெண் எதுவாயினும் அதை 512ஆல் வகுத்து, வரும் மீதியை மட்டுமே கட்ட எண்ணாகக் கொள்ள வேண்டும் என்பதே அது. சுட்டெண் 100 என்றால் மீதி 100. சுட்டெண் 511 என்றால் மீதி 511. சுட்டெண் 512 ஆனால் மீதி 0; 515 ஆனால் மீதி 3. மீதி ஒருபோதும் 511ஐத் தாண்டாது. கடிகார முள் 12ஐக் கடந்ததும் மறுபடியும் 1க்கு வருவதைப் போலச் சுட்டெண்ணும் இடையகத்திற்குள்ளேயே சுற்றி வரும். எத்தனை பைட்டுகளை அனுப்பினாலும் வேலியைத் தாண்ட இயலாது.

இத்திருத்தத்தில் கவனிக்கத்தக்க ஒரு நுட்பம் உண்டு. குறையுடைய இரண்டு கட்டளைகளை மட்டும் சரிசெய்வதோடு பொறியாளர்கள் நின்றுவிடவில்லை. இடையகத்தில் எழுதும் இடங்களிலும் படிக்கும் இடங்களிலும் எல்லைக் காவலை வைத்தார்கள். நாளை வேறொரு கட்டளையில் இதே போன்ற தவறு நேர்ந்தாலும் காவல் தொடர்ந்து நிற்கும்.

திருத்தம் எழுதுவது எளிதாக இருக்கலாம். அதை எல்லாக் கணினிகளிலும் பொருத்துவது எளிதன்று. இயங்கிக்கொண்டிருக்கும் மெய்நிகர் இயந்திரம் ஒவ்வொன்றும் பழைய நிரலை நினைவகத்தில் ஏற்றி வைத்துக்கொண்டுதான் இயங்குகிறது. புதிய கோப்பைப் புரவலர் கணினியின் வட்டில் வைத்துவிட்டால் மட்டும் போதாது. விருந்தினர் இயந்திரத்திற்குள்ளிருந்து ‘மறுதொடக்கம்’ செய்தாலும் பழைய நிரலே தொடர்ந்து இயங்கும். இயந்திரத்தை முழுமையாக நிறுத்தி, மீண்டும் தொடங்க வேண்டும். இல்லையேல், திருத்தம் பொருத்தப்பட்ட வேறொரு புரவலர் கணினிக்கு அதனை இயங்கும் நிலையிலேயே இடம்பெயர்க்க வேண்டும்.

நிர்வாகி ஒருவரின் மேசையில் அப்போது எழும் கேள்விகள் பல. எந்தெந்தக் கணினிகளில் பாதிப்புக்குள்ளான மென்பொருள் இருக்கிறது? எவற்றை முதலில் நிறுத்துவது? மருத்துவமனையின் பதிவேட்டை எந்த நேரத்தில் நிறுத்தினால் நோயாளிகளுக்கு இடையூறு குறைவு? நிறுத்திய இயந்திரம் மீண்டும் எழவில்லை என்றால் என்ன செய்வது? தம்மிடம் உள்ள மென்பொருள்களின் பட்டியலை நாள்தோறும் ஒழுங்காக வைத்திருந்தவர் இக்கேள்விகளுக்கு விரைவில் விடை கண்டார். பட்டியல் இல்லாதவர் தேடுவதிலேயே நாள்களைக் கழித்தார். வெள்ளம் வருமுன் அணைகோல வேண்டும் என்பது கணினித் துறைக்கும் பொருந்தும்.

ஒரு பூட்டு போதாது

பாதுகாப்பு வல்லுநர்கள் ஒரே சுவரை நம்பி இருப்பதில்லை. முதல் சுவர் இடிந்தாலும் இரண்டாம் சுவர் தாங்க வேண்டும் என்று திட்டமிடுவார்கள். வெனம் வெளிப்பட்டபோது இந்த முன்னெச்சரிக்கையின் பயன் தெரிந்தது.

ரெட் ஹேட் நிறுவனத்தின் லினக்ஸ் இயங்குதளத்தில், ஒவ்வொரு மெய்நிகர் இயந்திரத்தின் கியூஎமு நிரலும் தனித்தனிக் கட்டுப்பாட்டுக்குள் இயங்குமாறு அமைக்கும் வசதி இருந்தது. தாக்குநர் ஒருவர் அந்நிரலைக் கைப்பற்றினாலும், அது தொடக்கூடாத கோப்புகளை அவராலும் தொட இயலாது. அதுபோலவே ஸென் மென்பொருளிலும், சாதனங்களைப் போலச் செய்து காட்டும் நிரலை உரிமை குறைந்த ஒரு தனி அறைக்குள் வைத்து இயக்கும் ஏற்பாடு இருந்தது. இவ்வசதிகளை இயக்கி வைத்திருந்த நிறுவனங்களுக்கும் திருத்தம் தேவைப்பட்டது. ஆனால், அவர்களுக்குச் சற்று மூச்சுவிட நேரம் கிடைத்தது.

ஒவ்வொரு நிரலுக்கும் அதன் வேலைக்குத் தேவையான உரிமையை மட்டும் கொடுப்பது பாதுகாப்பின் அடிப்படை நெறி. வீட்டிற்கு விருந்தினராக வந்தவருக்குக் கூடத்தில் இருக்கை தருகிறோம். பெட்டகத்தின் சாவியைத் தருவதில்லை. அது விருந்தினரை இழிவுபடுத்துவது ஆகாது. வீட்டைப் பேணும் முறை.

வேரைத் தேடி

ஓட்டைகளை ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டே இருந்தால் போதுமா? 2019ஆம் ஆண்டில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் ஒரு கணக்கை வெளியிட்டது. தன் மென்பொருள்களில் ஆண்டுதோறும் திருத்தப்படும் பாதுகாப்புக் குறைகளுள் ஏறத்தாழ 70 விழுக்காடு நினைவகப் பாதுகாப்பைச் சார்ந்தவை என்று அந்நிறுவனம் கூறியது. அடுத்த ஆண்டில், கூகுளின் குரோமியம் உலாவிக் குழுவும் கடுமையான குறைகளைப் பொறுத்தவரை கிட்டத்தட்ட இதே அளவைத் தெரிவித்தது. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். தேர்ந்த நிரலர்களைப் பணியில் வைத்திருக்கும் நிறுவனங்களிலேயே நிலை இதுவென்றால், குறை தனி மனிதருடைய கவனக்குறைவு மட்டும் அன்று. அவர்கள் கையாளும் கருவியிலும் அதன் வேர் இருக்கிறது.

எனவே, எல்லையைத் தானே காக்கும் நிரல்மொழிகளின் மீது கவனம் திரும்பியது. அவற்றுள் ஒன்று ரஸ்ட். வெனம் அறிவிக்கப்பட்டு இரண்டே நாள் கழித்து, 2015 மே 15ஆம் நாள், அம்மொழியின் முதல் நிலையான பதிப்பு வெளிவந்தது. ரஸ்ட் மொழியில் 512 கட்டங்கள் உள்ள வரிசையில் 512ஆம் எண்ணுடைய கட்டத்தில் எழுத முயன்றால், நிரல் அந்த இடத்திலேயே நின்றுவிடும். பக்கத்துத் தரவைக் கெடுக்காது. அதேவேளையில், அம்மொழி சி மொழிக்கு ஈடான வேகத்தையும் தர முயல்கிறது. சில இடங்களில் இந்தக் காவலைத் தளர்த்தி எழுதவும் ரஸ்ட் இடம் தருகிறது. ஆகவே, மொழியை மாற்றினால் எல்லாக் குறைகளும் மறைந்துவிடும் என்று எண்ணுவது சரியன்று. கவனிக்க வேண்டிய இடங்கள் குறைகின்றன என்பதே உண்மையான பயன்.

2018ஆம் ஆண்டில் அமேசான் வெளியிட்ட ஃபயர்கிராக்கர் என்னும் மெய்நிகராக்க மென்பொருள் ரஸ்ட் மொழியில் எழுதப்பட்டது. அதில் இன்னொரு பாடமும் பின்பற்றப்பட்டது. மேகக் கணிமைக்குத் தேவையான மிகச் சில சாதனங்களை மட்டுமே அது போலச் செய்து காட்டுகிறது. நெகிழ்வட்டு அதில் இல்லை. இல்லாத கதவை எவராலும் உடைக்க முடியாது அல்லவா?

எனினும், உலகில் ஏற்கெனவே சி மொழியில் எழுதப்பட்டு இயங்கிவரும் நிரல்கள் ஏராளம். அவற்றை எல்லாம் ஒரே நாளில் மாற்றி எழுத இயலாது. பழைய நிரல்களை மறுபார்வை செய்வதும், சோதனைக் கருவிகளால் துருவி ஆராய்வதும், பயன்படாத பகுதிகளை நீக்குவதும் தொடர்ந்து செய்ய வேண்டிய பணிகள்.

எல்லையைக் காத்தல்

வெனம் வெளிப்பட்டபோது அதனைச் சுற்றிப் பல மனிதர்கள் இருந்தனர். 2004இல் நல்ல நோக்கத்தோடு நிரல் எழுதியவர், அதை நம்பித் தம் மென்பொருளில் சேர்த்துக்கொண்டவர்கள், பழைய நிரலைப் பொறுமையோடு படித்துக் குறையைக் கண்டவர், கண்டதைப் பணத்திற்கு விற்காமல் உரியவரிடம் சொன்ன நேர்மை, 13 நாள் வாய்மூடி உழைத்த பொறியாளர்கள், நள்ளிரவில் கணினிகளை நிறுத்தித் தொடங்கிய நிர்வாகிகள் என அந்த வரிசை நீளும். அவர்களுள் பெரும்பாலோரின் பெயர் வெளியே தெரியாது. தங்கள் சேமிப்பும் மருத்துவக் குறிப்பும் பத்திரமாக இருந்ததற்குக் காரணம் அவர்கள்தாம் என்று பயனர்கள் அறிந்திருக்கவும் மாட்டார்கள்.

திறந்த மூல மென்பொருளின் நிரலை எவரும் படிக்கலாம். ஆனால், ‘எவரும் படிக்கலாம்’ என்பதும் ‘யாரோ படித்தார்’ என்பதும் ஒன்றல்ல. 11 ஆண்டுகள் எல்லாருக்கும் திறந்திருந்த ஒரு நிரலில் குறை மறைந்தே இருந்தது. ‘வேறு யாராவது பார்த்திருப்பார்கள்’ என்று ஒவ்வொருவரும் எண்ணியதே அதற்கு இடமளித்தது. அந்த எண்ணத்தை உடைத்துத் தானே உட்கார்ந்து படித்த ஒருவரால்தான் மறக்கப்பட்ட கதவு கண்ணுக்குத் தெரிந்தது.

சிந்தித்து விடையளித்திடுக

1. மெய்நிகர் இயந்திரத்தை அடுக்குமாடிக் கட்டடத்தோடு ஒப்பிடுவது எவ்வகையில் பொருத்தமாகும்? விளக்கிடுக.

2. சுட்டெண் 1,030 ஆகும்போது, திருத்தப்பட்ட நிரல் எந்த எண்ணுடைய கட்டத்தில் தரவை எழுதும்? கணக்கிட்டுக் காட்டுக.

3. வெனம், ஹார்ட்பிளீட் ஆகிய இரு குறைகளையும் அவற்றைப் பயன்படுத்தத் தேவையான நிலைமைகளின் அடிப்படையில் ஒப்பிடுக.

4. பாதுகாப்புக் குறையைக் கண்டவர் அதனை உடனே பொதுவில் அறிவிக்க வேண்டும் என்று ஒருவர் வாதிடுகிறார். அவருடைய கருத்தை நீ ஏற்கிறாயா? பகுதியிலிருந்து சான்றுகள் காட்டி உன் கருத்தை எழுதுக.

5. ‘எவரும் படிக்கலாம் என்பதும் யாரோ படித்தார் என்பதும் ஒன்றல்ல.’ இக்கூற்று பள்ளி வாழ்க்கையின் எந்தச் சூழலுக்குப் பொருந்தும்? ஓர் எடுத்துக்காட்டுடன் விவரித்திடுக.